டர்னர் படிப்பும் சிஎன்சியும்: வேலைக்குப் போன பிறகு எது கைகொடுக்கிறது

நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ-யும் உண்டு, அரசு பாலிடெக்னிக்கும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் குமரி மாவட்டத்து வீடுகளில் எது மேல் என்ற பேச்சு கிளம்பிவிடும். ஐடிஐ-யில் இரண்டாண்டு டர்னர் (லேத்தில் உலோகம் கடைபவர்), மெஷினிஸ்ட், ஃபிட்டர் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதனால் ஐடிஐ போனால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். இங்கே பார்ப்பது டர்னர், மெஷினிஸ்ட் பயிற்சியையும் அதில் வரும் சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும் மெஷின்) பகுதியையும். படித்து முடித்து ஒரகடம், ஓசூர், கோவை என்று போனவர்களிடமும், உள்ளூர் லேத் பட்டறைகளில் நிற்பவர்களிடமும் சில ஆண்டுகள் கழித்து இதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் முதல் ஆண்டுதான் இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி. அரம் பிடிப்பது, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் பார்ப்பது, சாதாரண லேத்தில் ஹெச்எஸ்எஸ் என்ற வெட்டு எஃகு டூலைத் தானே தீட்டிக் கடைவது எல்லாம் அதில்தான் வரும். சிஎன்சி-யில் இன்சர்ட்டை (டூலின் மாற்றக்கூடிய வெட்டுத் துண்டு) திருப்பிப் போட்டால் போதுமே, தீட்டல் எதற்கு என்று கேட்பார்கள். டூலின் எந்த முனை தேய்ந்தால் ஜாப்பில் (கடையும் பொருளில்) எந்த மாதிரிக் கீறல் விழும் என்று கண்ணுக்குப் பழகுவது தீட்டும்போதுதான். அந்தக் கண் இல்லாதவர், சத்தம் மாறிய பிறகும் மெஷினை ஓடவிட்டு இன்சர்ட்டோடு ஹோல்டரையும் சேர்த்து உடைப்பார்.

அடுத்தது அளவு. வேலைக்கு எடுக்கும்போது பழைய ஃபோர்மேன்கள் புரோகிராம் கேட்பதில்லை. "மக்களே, இந்த ஷாஃப்ட அளந்து சொல்லு" என்று மைக்ரோமீட்டரைக் கையில் கொடுப்பார்கள். முகங்களைத் துடைத்து, பூஜ்யம் சரிபார்த்து, ராட்செட்டைத் திருகுகிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 25 மிமீ ஹெச்7 (அளவு எவ்வளவு குறையலாம் என்று சொல்லும் குறி, சிறிய h) ஷாஃப்ட் என்றால் 24.979-க்கும் 25.000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 0.02 மிமீ வரை மட்டும் படிக்கும் வெர்னியரை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூடும் ஏமாற்றும். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மிமீ) விரியும். கடைந்த கையோடு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் 50 மிமீ ஜாப், ஆறியதும் 11 மைக்ரானுக்கு மேல் சுருங்கும். 50 ஹெச்7-க்கு அனுமதிக்கும் இடைவெளியே 25 மைக்ரான்தான். சூட்டோடு அளந்து ஓகே சொன்னது மறுநாள் காலையில் ரிஜெக்ட் ஆவது இப்படித்தான்.

சிஎன்சி பகுதியில் ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை வரிகள்) எழுதுவதற்கே பெரும்பாலும் வகுப்பு நேரம் போகிறது. அது தேவைதான், ஆனால் கம்பெனியில் புரோகிராம் ஏற்கெனவே மெஷினில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் ஷிஃப்ட் முழுக்கத் தொடுவது வேர் ஆஃப்செட் பக்கத்தைத்தான், அதாவது டூல் தேய்மானத்துக்கு அளவைத் திருத்தும் திரையை. தவறும் அங்கேதான் நடக்கிறது. 24.99 வேண்டிய இடத்தில் 25.04 வருகிறது என்றால் எக்ஸ் வேரில் −0.05 கூட்ட வேண்டும். எக்ஸ் விட்டக் கணக்கு, அதனால் முழு வித்தியாசத்தையும் கொடுக்க வேண்டும். சாதாரண லேத்தில் 0.05 உள்ளே தள்ளினால் விட்டம் 0.10 குறையும், அந்தப் பழக்கத்தில் பாதியாக்கி −0.025 கொடுப்பவர்கள் உண்டு. இதைவிட மோசமானது 'இன்புட்', '+இன்புட்' குழப்பம். முன்னது பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும், பின்னது பழையதோடு கூட்டும். ஏற்கெனவே +0.12 இருந்த இடத்தில் −0.05 அடித்து வெறும் இன்புட்டை அழுத்தினால், 0.05 குறைய வேண்டிய விட்டம் 0.17 குறையும். ஜாப் 24.87, நேரே ஸ்கிராப் தொட்டிக்கு. கூட்டிச் சேர்த்திருந்தால் +0.07 என்று நின்றிருக்கும்.

புள்ளியும் இதேபோல் காலை வாரும். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள பல சிஎன்சி மெஷின்களில் 'எக்ஸ்25.' என்பது 25 மிமீ. புள்ளியை விட்டால் 25 மைக்ரான். டூல் நேரே நடு மையத்தை நோக்கிப் பாயும். ஜி96 (வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) போட்டு முகம் கடையும்போது ஜி50-இல் சுழற்சிக்கு உச்சவரம்பு கொடுக்காமல் விடுவதும் ஆபத்து. 40 மிமீ விட்டத்தில் நிமிடத்துக்கு 180 மீட்டர் வேகம் என்றால் சுமார் 1430 சுற்று. மையம் நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போகும், வேகம் ஏற ஏற, ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கின் பிடி தளரும்.

பயிற்சியின் உண்மையான குறை மெஷின் நேரம். ஒரு யூனிட்டில் (பயிற்சிக் குழுவில்) 20 பேர். சக்கின் ஜா (பிடிக்கும் பல்) மாற்றி, டூல் தொட்டு, முதல் ஜாப் எடுக்க ஒருவருக்கு 40 நிமிடம் என்றால், ஒரே மெஷினில் அனைவரும் ஒரு முறை செய்ய 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பலர் சிமுலேட்டரோடு நின்றுவிடுகிறார்கள். சிமுலேட்டரில் சீவல் (கடையும்போது விழும் உலோகச் சுருள்) சிக்காது, ஜாப் சக்கில் வழுக்காது. டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் மாநிலத்தில் 71 அரசு ஐடிஐ-க்களை 4.0 (நவீனத் தானியங்கித் தொழில்நுட்ப) மையங்களாக மாற்றும் திட்டத்தில் புதிய மெஷின்கள் வந்தன, அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் என்று தனிப் பிரிவும் வந்தது. வரவேற்கத்தக்கதுதான், ஆனாலும் வரிசை கணக்கு மாறாது.

நம் ஊர்க் காற்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், பக்கத்தில் கடல். ஸ்லிப் கேஜை (அளவு ஒப்பிடும் எஃகுக் கட்டை) வெறுங்கையால் தொட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் விரல் ரேகை துருவாகப் பதியும். துடைத்து வாஸ்லின் பூசி வைக்க வேண்டும். கூலன்ட்டில் (குளிர்விக்கும் திரவம்) எண்ணெய் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் கடைந்த ஜாப்பும் துருப்பிடிக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 6 லிட்டர் எண்ணெய். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தயிர்போல் திரியும். நீண்ட விடுமுறைக்கு மெஷினை அணைத்துப் போட்டால் நினைவகப் பேட்டரி இறங்கி, திறக்கும் நாளில் அலாரம் வரும். அந்தப் பேட்டரியை மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் உள்ளிருக்கும் பாராமீட்டர்கள் போய்விடும்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களை நம்பிப் பட்டறை போட நினைப்பவருக்குச் சிஎன்சி பெரிதாக உதவாது. அங்கே வருவது ஒற்றை ஒற்றையான பழுது வேலை. வளைந்த புரொபெல்லர் ஷாஃப்ட்டை நேராக்கி, டேப்பர் (கூம்புச் சரிவு) கடைந்து, நீலம் பூசிப் பொருந்துகிறதா என்று பார்ப்பதெல்லாம் சாதாரண லேத் வேலை. ஓசூருக்கோ ஒரகடத்துக்கோ போகிறவருக்கு ஆஃப்செட்தான் சோறு. மகேந்திரகிரியிலோ வலியமலையிலோ இஸ்ரோ டெக்னீசியன்-பி பதவிக்குக் குறிவைப்பவர், சேரும் நிலையத்தின் பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கைக்குப் போகும் நாளில் அலுவலகத்தோடு திரும்பாமல் ஒர்க்‌ஷாப்பையும் எட்டிப் பாருங்கள். சிஎன்சி மெஷினின் சீவல் தட்டில் புதுச் சீவல் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. தூசிதான் படிந்திருந்தால் வேறு நிலையம் தேடலாம்.