மணிக்கூடு சொல்லும் இதயத் துடிப்பு: வன்னியில் சில வருட அனுபவம்

வன்னியில் இப்போது வயதானவர்களின் கைகளிலும் ஸ்மார்ட் மணிக்கூடுகளைக் காணலாம். பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை அனுப்பியதாக இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சில வருடங்களாக இரண்டும் கையில் இருக்கின்றன. நடையை எண்ணுவது, தூக்கத்தை அளப்பது எல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை. இதயத்தைப் பற்றி அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘துடிப்பு வேகம் கூடிவிட்டது’ என்பது ஒரு எச்சரிக்கை. ‘துடிப்பு ஒழுங்கில்லை’ என்பது வேறொன்று. பரந்தன் பக்கம் எங்கள் வயலில் லாண்ட்மாஸ்டர் பிடித்து உழும்போது முதல் வகை எனக்கு அடிக்கடி வரும். மணிக்கூட்டின் அடியில் உள்ள பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய், குருதி ஓடும் அளவு கூடிக் குறைவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. கைபிடி அதிர, வியர்வையில் பட்டி வழுக்க, அந்த அதிர்வையே துடிப்பு என்று எண்ணிவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரம்பில் இருந்து கழுத்து நாடியை விரலால் பிடித்துப் பார்த்தால் எண்ணிக்கை சாதாரணமாக இருக்கும். வேலை நேரத்தில் வரும் வேக எச்சரிக்கையை இப்போது நான் பெரிதாக எடுப்பதில்லை.

ஒழுங்கின்மை எச்சரிக்கை அப்படியல்ல. ஏ.எஃப். என்று டொக்டர்மார் சொல்லும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத்தான் அது தேடுகிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே குருதி தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, அதனால்தான் இந்த வசதிக்கு மதிப்பு.

அம்மாவுக்கு வந்தது இந்த வகை. இரவில் படுத்திருந்தபோது வந்திருக்கிறது. அறிவித்தல் ஆங்கிலத்தில் இருந்ததால் விடிந்த பிறகுதான், “தம்பி, இது என்னவோ சொல்லுது, பார்” என்று போனைக் கொண்டுவந்தார். அன்றைக்கே போய் ஈ.சி.ஜி. எடுத்தோம். எல்லாம் சரி, மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது இன்றும் கவலை தருகிறது. ஏ.எஃப். வந்து வந்து போகக்கூடியது. ஈ.சி.ஜி. காட்டுவது எடுத்த அந்தச் சில நொடிகளை மட்டும்தான். காலையில் சரியாக இருந்தது என்பதால் இரவிலும் சரியாக இருந்தது என்று ஆகாது. எச்சரிக்கை மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியோடு ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய் ஒரு இதய நிபுணரைக் கண்டோம். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒட்டி ஒரு நாள் முழுவதும் பதியும் ஹோல்டர் கருவியைப் போட்டார். அதில் பிடிபட்டது. இன்று அம்மா குருதி உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் வருகிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும். பெரிய ஆய்வுகளும் இருக்கின்றன. 2019 இல் வெளியான அப்பிள் இதய ஆய்வில் 419,297 பேர் சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 வீதத்தினருக்குத்தான். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் அது 3.1 வீதம். எச்சரிக்கை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டி அனுப்பினார்கள். அதைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 வீதத்தினருக்கு ஏ.எஃப். உறுதியானது. இதைக் கேட்டவுடன் மிச்சம் 66 வீதமும் பொய் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பட்டி கைக்கு வந்து சேரும்போது நாட்கள் கடந்துவிட்டன, வந்துபோகும் நோய் அப்போது இல்லாமல் இருந்திருக்கலாம். பட்டி ஒட்டியிருந்த நேரத்திலேயே எச்சரிக்கை வந்தபோது 84 வீதம் உண்மையாக இருந்தது. ஃபிட்பிட் என்ற இன்னொரு மணிக்கூட்டு நிறுவனம் நடத்திய ஆய்வில் அந்த எண்ணிக்கை 98 வீதம்.

சரி, அது பேசாமல் இருந்தால்? அந்த மௌனத்தை நம்பவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த மணிக்கூடுகள் நாள் முழுக்கக் காவல் இருப்பதில்லை. கை அசையாமல் இருக்கும்போது இடைக்கிடை பார்க்கும், ஒழுங்கின்மை தொடர்ந்து தெரிந்தால்தான் சொல்லும். ஃபிட்பிட் ஆய்வில் குறைந்தது அரை மணி நேரம் ஒழுங்கின்மை நீடித்தால்தான் எச்சரிக்கை போனது. பத்து நிமிடம் வந்து போனால் தெரியாது. வெயிலில் களை பிடுங்குபவர், மீன் வலை இழுப்பவர் பகலில் எப்போது அசையாமல் இருக்கப்போகிறார்? எங்கள் சொந்தத்தில் ஒரு மாமாவுக்கு ஏ.எஃப். என்று கிளினிக் அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அவருடைய மணிக்கூடு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்காக இந்த வசதி செய்யப்படவில்லை என்று அப்பிளும் அறிவித்திருக்கிறது. அது சொல்லவில்லை என்று மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

அதனால் இரவில் கட்டியிருப்பதுதான் முக்கியம். ஆனால் நம்மில் பலர் இரவில்தான் கழற்றிச் சார்ச்சில் போடுகிறோம். அம்மாவின் மணிக்கூட்டை மாலையில் அவர் குளித்துச் சாமி கும்பிடும் நேரத்தில் சார்ச்சில் போட்டுவிடுவேன், படுக்கப் போகும்போது கையில் இருக்கும். பட்டி மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, ஆடாமல் ஆனால் தடம் பதியாமல் இருக்க வேண்டும்.

நெஞ்சு நோவு, மூச்சு வாங்கல், கை கால் விறைப்பு, வாய் கோணல் வந்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்க எந்த மணிக்கூடும் செய்யப்படவில்லை.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்மார்ட் கைப்பட்டிகளிலும் பச்சை வெளிச்சம் எரியும். ஒன்றை வாங்கி மேசையில் கழற்றி வைத்தேன், அப்போதும் துடிப்பு என்று ஒரு எண்ணைக் காட்டியது. வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்பவர்கள், ஒழுங்கின்மை எச்சரிக்கை அந்த மாதிரியில் இருக்கிறதா, இலங்கையில் அது திறக்குமா, வீட்டில் உள்ள போனோடு வேலை செய்யுமா என்று அனுப்புபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எல்லா நாடுகளிலும் இந்த வசதியைத் திறந்துவிடுவதில்லை.