பின்னால் ஆள் ஏற்றி மலையேற ஸ்கூட்டியா, கியர் பைக்கா?

வீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு கண்டியிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா போய்வர எது நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 110 சிசி ஸ்கூட்டி, 150 சிசி கியர் பைக் இரண்டையும் நான் ஓட்டியிருக்கிறேன்.

ஏற்றம்: கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். ஸ்கூட்டி இருவரோடு ஏறிவிடும், ஆனால் லொறியை முந்தத் திணறும். பைக்கில் ஒரு கியர் குறைத்தால் போதும்.

இறக்கம்: இதுதான் முக்கியம். கியரைக் குறைத்தால் பைக்கின் எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைக்கும். ஸ்கூட்டியில் அந்தப் பிடி குறைவு, பாரம் முழுவதும் பிரேக் மேல்தான். ஒருமுறை அம்மாவோடு றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது கருகிய வாடை வந்தது. லீவரை இறுக்கிப் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. எப்படியோ ஓரங்கட்டி, பிளேன்டீ குடித்து, பிரேக் ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் கை என் தோளை விடவே இல்லை.

உட்காருவது, சாமான்: சேலை கட்டியவர்களுக்கு ஸ்கூட்டியில் ஏறி இறங்குவது சுகம். அரிசிப் பையைக் காலடியில் வைக்கலாம். பைக்கில் பை முதுகில்தான்.

குழி: பைக்கின் பெரிய சில்லு தோட்டப் பாதையில் நன்றாகத் தாங்கும்.

டவுனுக்குள் கடை, பள்ளிக்கூடம் என்றால் ஸ்கூட்டி. மாதம் ஒருமுறையாவது இருவராக மலை இறங்குபவர்கள் கியர் பைக்கே எடுங்கள். எதுவானாலும், ஆள் ஏறுமுன் பின் டயருக்குக் காற்றுப் பாருங்கள், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் போடுங்கள்.