கேம்பர்வேனா, காரும் கேபினுமா? இரண்டையும் பார்த்தாயிற்று

நியூசிலாந்தின் தெற்குத் தீவை நாங்கள் இரண்டு தடவை சுற்றியிருக்கிறோம். 2019 ஏப்ரலில் ஆறு பேர் படுக்கக்கூடிய கேம்பர்வேனில், அதாவது கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த வண்டியில், 9 நாள். 2024 ஏப்ரலில் வாடகைக் காரில் 11 நாள், இரவுக்கு ஹாலிடே பார்க் கேபினும் மோட்டலும் மாறி மாறி. ஹாலிடே பார்க் என்றால் வண்டியை நிறுத்தித் தூங்கவும் கேபினில் தங்கவும் காசுக்கு இடம் தருகிற முகாம். இரண்டு தடவையும் அதே நாலு பேர்தான்: நான், வீட்டுக்காரர், பையன், அத்தை. அத்தை என்றால் மாமியார். இரண்டாவது பயணத்தின்போது அவருக்கு 71 வயது. அந்தப் பக்கம் டிக்கெட் போட்டவர்கள் யாராக இருந்தாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எதை எடுக்கலாம்?' என் ஓட்டு காருக்கும் கேபினுக்கும்தான். இதை ஒளித்து வைத்துக்கொண்டு நடுநிலை வேஷம் போடத் தெரியவில்லை.

எல்லோரும் பயப்படுகிற விஷயம் வண்டி ஓட்டுவது. அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கேயும் இடதுபக்கம்தான். நம் ஊர் லைசென்ஸ் அட்டை ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும். சாதாரண கார் லைசென்ஸிலேயே 6 டன் வரை ஓட்டலாம் என்பதால் கேம்பர்வேனுக்கென்று தனி லைசென்ஸ் தேவையில்லை. மூன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி 90-ஐத் தாண்டக் கூடாது, கார் 100 வரை போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். மேற்குக் கரையில் வரிசையாக வரும் ஒருவழிப் பாலங்களில், பலகையில் நம் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிரில் வருபவருக்கு வழி விடவேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் பழகிவிடும்.

அடுத்தது காசு. 'வண்டி வாடகை, ரூம் வாடகை இரண்டும் ஒரே பில்லில் முடிந்துவிடும்' என்றுதான் நாங்களும் முதல் தடவை கணக்குப் போட்டோம். கணக்கு சரி, கூட்டல்தான் தப்பு. கேம்பர்வேனின் நாள் வாடகை ஒரு நல்ல காரைவிட மூன்று மடங்குக்கும் மேல். அது டீசல் வண்டி. நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்கான சாலை வரி பங்க் விலையில் சேராமல், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துத் தனியாக விதிக்கப்படும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரைப் பார்த்து அதை நம் தலையில் கட்டுவார்கள். இரவு ஹாலிடே பார்க்கில் கரண்ட் இணைப்போடு நிறுத்தினால் அதற்கும் தலைக்கு இவ்வளவு என்று வாடகை. சொந்தக் கட்டிலில்தான் படுக்கிறோம் என்றாலும் பெரியவர்கள் கூடக்கூட பில் ஏறும். நாலு பேருக்கு இடத்துக்கு மட்டும் கொடுத்த காசோடு இன்னும் அதில் பாதி சேர்த்துப் போட்டால், அதே பார்க்கில் சமையலறையோடு ஒரு கேபினே கிடைத்திருக்கும்.

அப்படியானால் கேம்பர்வேனில் காசு மிச்சமாக ஒரே வழி, ஹாலிடே பார்க்குக்குப் போகாமல் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ இலவசமாக நிறுத்தித் தூங்குவது. ஃப்ரீடம் கேம்பிங் என்பார்கள். 2011-இலிருந்து அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2023-இல் அதை இறுக்கினார்கள்: கழிப்பறை வண்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கவேண்டும், தூக்கி வைக்கிற டப்பா செல்லாது. தண்ணீர், கழிப்பறை எல்லாம் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வண்டி என்கிற 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்று இல்லாத வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் 400 டாலர் அபராதமெல்லாம் சாதாரணம். சான்று இருந்தாலும் கண்ட இடத்தில் நிறுத்த முடியாது. ஊருக்கு ஊர் கவுன்சில் விதி மாறும், குவீன்ஸ்டவுன் பக்கம் ரொம்பக் கறார். கேம்பர்மேட் ஆப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் இடம் பிடிக்கவேண்டும்.

ஆக, மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் இலவச இடம், இலவச இடம் என்றால் வண்டிக்குள் இருக்கும் கக்கூஸ். எந்தப் பக்கம் சுற்றினாலும் கணக்கு அந்தக் கக்கூஸுக்கு அடியில் கழிவு சேரும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் வந்து நிற்கிறது. வண்டி கொடுக்கிறவர்கள் அதை 'கேசட்' என்கிறார்கள். பேரைக் கேட்டால் இளையராஜா பாட்டு வரும் போலிருக்கும்.

அந்தச் சான்று கொடுக்க அவர்கள் வைத்திருக்கும் கணக்கைக் கேளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர், கழிப்பறைத் தொட்டியில் ஆளுக்கு நாளைக்கு 1 லிட்டர் இடம். இப்படி மூன்று நாள் தாக்குப்பிடித்தால் பாஸ். ஒரு லிட்டர்! நம் வீட்டுக் குளியலறையில் கிடக்கும் மக்கே அவ்வளவு பிடிக்கும். இது காகிதத்தில் துடைத்துக்கொள்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. நாம் தண்ணீரில் கழுவுகிற ஜாதி.  எங்கள் ஆறு பேர் வண்டியின் பெட்டி 18 லிட்டர். மூன்று நாள் தாங்கும் என்று வண்டி கொடுத்தவர் சொன்னார். எங்களுக்கு ஒன்றரை நாள். இரண்டாம் நாள் மதியமே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அதோடு போவதில்லை: கழுவுகிற தண்ணீரும் அதே நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் வருகிறது. ஒரு பக்கம் நிரம்பும் வேகத்தில் இன்னொரு பக்கம் காலியாகும்.

வனாகாவில் முதல் தடவை, கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனுக்குப் போனோம். தரையில் மூடி போட்ட ஒரு குழி, பக்கத்தில் இரண்டு குழாய். ஒன்று பெட்டி அலச, இன்னொன்று குடிநீர் பிடிக்க, மாற்றிவிட்டால் தீர்ந்தது. கேசட்டை வண்டியின் பக்கவாட்டுக் கதவு வழியாக உருவி எடுக்கவேண்டும். நிரம்பியிருக்கும்போது இருபது கிலோவுக்குக் குறையாது. வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தார். அது 'களக், களக்' என்று விக்கி விக்கிக் கொட்டி, அவர் கால்சட்டை முழங்கால் வரை தெறித்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் கம்பூட்ஸோடு வந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார். கொட்டும்போது அதை அழுத்திக்கொண்டால் காற்று உள்ளே போய்ச் சீராக ஊற்றுமாம். அதற்கப்புறம் அலசி, மருந்து ஊற்றி, திரும்பச் செருகி, சமையல் கழுவிய சாக்கடைத் தண்ணீரைத் தனிக் குழாய் மாட்டி விட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, கை கழுவி முடிக்க முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்கண்ணு, ஈரோட்டுல இருந்தா கூட இதெல்லாம் செய்ய ஆள் வருமே!"

இதற்குப் பயந்து என்ன நடந்தது என்றால், மூன்றாம் நாளிலிருந்து யாரும் வண்டிக் கக்கூஸைப் பயன்படுத்தவில்லை. மூன்றடி தள்ளி எல்லோரும் படுத்திருக்கும்போது அந்த அட்டைக் கதவுக்குள் போக அத்தைக்கு எப்படியும் கூச்சம். அதனால் பொதுக் கழிப்பறை உள்ள ஹாலிடே பார்க்காகத் தேடித் தேடி நிறுத்தினோம். ராத்திரி மூன்று மணிக்கு அத்தை எழுந்தால் நானும் எழுந்து, ஸ்வெட்டர் போட்டு, டார்ச் அடித்துக்கொண்டு குளிரில் கூடப் போகவேண்டும். தலைக்குக் காசு கொடுத்தாயிற்று. இலவச இடத்துக்காகத்தான் கேம்பர்வேன், அந்த இலவச இடத்தில் ஒரு ராத்திரி கூடத் தங்கவில்லை.

மற்ற குறைகளெல்லாம் இதோடு ஒப்பிட்டால் சில்லறை. தாளிக்கக் கடுகு போட்டதும் புகை அலாரம் கத்தும். பையன் கதவைத் திறந்து துண்டால் விசிறவேண்டும். ஒன்பது நாளும் போர்வையில் பெருங்காய வாசம். ஜெரால்டினில் ஒரு ரவுண்டானாவைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பியதில் மேல் அலமாரி திறந்து துவரம்பருப்பு முழுக்கத் தரையில் கொட்டியது. சாப்பாட்டு மேசைதான் இரவில் கட்டில் என்பதால் ஒருவர் தூங்கப் போனால் எல்லோரும் தூங்கியாகவேண்டும். பால் வாங்கப் போவதென்றாலும் கரண்ட் வயரைக் கழற்றி, பாத்திரத்தைக் கட்டி, வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். வனாகாவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்குக் குறுக்கு வழியான கிரவுன் ரேஞ்ச் சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறும். எங்கள் வண்டிக்கு அங்கே இன்சூரன்ஸ் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் குரோம்வெல் வழியாகச் சுற்றினோம். காரில் போனபோது அதே மலைமேல் நின்று டீ குடித்தோம். ஆர்தர்ஸ் பாஸில் கியா கிளிகள் ஜன்னல் ரப்பரைப் பிய்த்ததற்கு மட்டும் கேம்பர்வேனைக் குறை சொல்லமாட்டேன். அதுகள் காரையும் விடுவதில்லை.

கேம்பர்வேன் ஜெயித்த ஒரு ராத்திரியையும் சொல்லாவிட்டால் பையன் சண்டைக்கு வருவான். மவுண்ட் குக் அடிவாரத்தில் வொயிட் ஹார்ஸ் ஹில் என்று அரசு நடத்தும் கேம்பிங் இடம் ஒன்று இருக்கிறது. கட்டணம் உண்டு, கரண்ட் கிடையாது, கழிப்பறை உண்டு. இருட்டியதும் சுற்றிலும் ஒரு வெளிச்சம் இல்லை. 2012-இலிருந்து அந்தப் பகுதியே சர்வதேச இருள்வானக் காப்பகம். மேல்படுக்கை ஜன்னல் வழியாகப் பையன் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான். நடு ராத்திரியில் எங்கேயோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு நீண்ட சத்தம். செஃப்டன் மலையிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழும் சத்தம் என்று காலையில் பக்கத்து வண்டிக்காரர் சொன்னார். விடிந்து கதவைத் திறந்தால் படிக்கட்டுக்கு நேரே பனிமலை. அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து குடித்த காபிக்கு நிகராக இரண்டாவது பயணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி டெகாபோவில் தங்கி, காரில் பகலில் வந்துவிட்டுப் போனோம். மலை அதேதான், அந்தச் சத்தம் இல்லை.

காரும் கேபினும் எடுத்ததில் தலைவலியே இல்லையா என்றால், இருந்தது. ஏப்ரலில் அங்கே பள்ளி விடுமுறை வரும், பல வருடம் ஈஸ்டரும் சேர்ந்துகொள்ளும். நல்ல கேபின்கள் முன்கூட்டியே போய்விடும். ஊர் ஊராகப் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும், அப்புறம் நினைத்தபடி மாற்ற முடியாது. ஃபிரான்ஸ் ஜோசஃபில் இரண்டு நாளும் மழை கொட்டி, பனியாறு பார்க்கப் போகவிருந்த ஹெலிகாப்டர் ரத்தானது. மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று திறந்தபோது, அடுத்த ஊரில் காசு கட்டிய ரூம் காத்திருக்கிறதே என்று மூட்டை கட்டினோம். கேம்பர்வேனாக இருந்தால் இன்னொரு நாள் இருந்திருப்போம். தினமும் பெட்டியை இறக்கி ஏற்றுவதும் உண்டு. அதற்கு ஒரு வழி செய்தோம்: முடிந்த இடத்திலெல்லாம் இரண்டு ராத்திரி, சமையல் சாமானுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கூடை, அதை மட்டும் முதலில் இறக்குவது.

பதிவு செய்யும்போது ஒன்று கவனியுங்கள். ஹாலிடே பார்க்கில் வெறும் 'கேபின்' என்றால் பெரும்பாலும் கட்டில் மட்டும்; கழிப்பறையும் சமையலும் பொதுவில். உள்ளேயே எல்லாம் வேண்டுமென்றால் செல்ஃப் கன்டெய்ன்ட் யூனிட் அல்லது மோட்டல் யூனிட் என்று பார்த்துப் போடவேண்டும். சாதாரண ஹோட்டல் ரூமை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கெட்டிலைத் தவிர ஒன்றும் இருக்காது, நம் ஆட்கள் மூன்றாம் நாளே சோற்றுக்கு ஏங்குவார்கள். ஏர்பிஎன்பியில் ஒரு ராத்திரிக்குத் தருபவர்கள் குறைவு, சுத்தம் செய்யத் தனிக் காசு வேறு. மசாலாப்பொடி, பருப்பு கொண்டுபோனால் நாட்டுக்குள் நுழையக் கொடுக்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்து மாட்டினால் அங்கேயே அபராதம். எங்கள் சாம்பார்ப் பொடியை ஒரு அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பினார். பச்சைக் கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள்.

இதெல்லாம் ஒரு வயதானவரும் வளர்ந்த பையனும் சேர்ந்த நாலு பேர் குடும்பத்தின் அனுபவம். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் தலைக்கணக்கும் கேசட் கணக்கும் பாதியாகிவிடும். அப்போது சின்ன கேம்பர்வேன் பக்கம் தராசு சாயலாம், நான் அடித்துச் சொல்லமாட்டேன். காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிற, தினமும் புது ரூமில் அழுகிற கைக்குழந்தை இருந்தாலும் யோசிக்க இடமுண்டு. ஜூன், ஜூலைப் பனியில் இரண்டையும் நான் ஓட்டியதில்லை. வடக்குத் தீவில் கேம்பர்வேன் எடுத்ததும் இல்லை.

அங்கே மோட்டல்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. சாவி கொடுக்கும்போதே வரவேற்பில் இருப்பவர் கையில் ஒரு சின்ன பால் பாக்கெட்டும் கொடுப்பார். 'நீலமா, பச்சையா?' என்று மட்டும் கேட்பார். நீலம் என்றால் கொழுப்போடு, பச்சை என்றால் கொழுப்பு நீக்கியது. முதல் ஊரில் இதென்ன கேள்வி என்று நாங்கள் முழித்தோம். மூன்றாவது ஊரில் நாங்கள் பெட்டி இறக்குவதற்குள் அத்தை தானே ஆபீஸுக்குப் போய், "ப்ளூ, டூ" என்று இரண்டு விரலைக் காட்டி இரண்டு பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். நாங்கள் உள்ளே போனபோது கட்டில் விரித்திருந்தது, கழிப்பறைக்குக் கதவு இருந்தது, அடுப்பில் பால் ஏறியிருந்தது. பையன் மட்டும் இன்னும் கேம்பர்வேன் கட்சிதான். அவனும் ஒரு தடவை கூடக் கேசட்டைத் தூக்கியதில்லை.