ஷாக்வேவ் சிட்டிங்: காசுக்குத் தகுமா? பிசியோ கிளினிக் மெஷின்கள் பற்றி ஒரு மதிப்பீடு

ஓட்டக்காரருக்குக் குதிகால் வலி, வாலிபால் ஆடுபவருக்கு முட்டிச்சிப்பிக்குக் கீழே வலி, பேட்மின்டன் ஆடுபவருக்கு முழங்கை வலி. மூன்று மாதம் தாண்டியும் விடாத இந்த ரகத் தொல்லைகளுக்கு பிசியோ கிளினிக்கில் கூடுதல் கட்டணம் கொடுத்துப் போகத் தகுந்த மெஷின், வலிக்கும் இடத்தில் அழுத்த அலைகளை அடி அடியாகச் செலுத்தும் ஷாக்வேவ்தான். ஆனால் சரியாகக் கொடுத்தால் மட்டும். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு உருப்படியான சிட்டிங்கும் கொடுக்கலாம், வெறும் தட்டலும் கொடுக்கலாம்.

சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட நுட்பத்தின் வாரிசு இது. இன்று இரண்டு வகை இருக்கின்றன. ஸ்விஸ் டோலார்கிளாஸ்ட், ஸ்டோர்ஸ் மாஸ்டர்பல்ஸ் போன்றவை ரேடியல். கம்ப்ரசர் காற்று ஹேண்ட்பீஸுக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டைத் தள்ள, அது முனையில் போய் மோதும். உடம்பில் கரண்ட் எதுவும் பாயாது. விசை தோலில்தான் அதிகம். 3, 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் தேய்ந்துவிடும். குதிகால், முழங்கை, அக்கிலீஸ் (குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண்), முட்டிக்குக் கீழே என்றால் இதுவே போதும். ஸ்டோர்ஸ் டுவோலித் போன்ற ஃபோகஸ்டு வகை, விசையை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கும். தோள்பட்டைத் தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் விரும்புவார்கள். 

நல்ல ரேடியல் சிட்டிங் பிசியோவின் கட்டைவிரலில் தொடங்கும். அழுத்திப் பார்த்து, வலி உச்சமாக இருக்கும் இடத்தைப் பேனாவால் குறிக்க வேண்டும். பிறகு தாராளமாக ஜெல், 15 மில்லிமீட்டர் முனை. 1.5 பார் காற்றழுத்தத்தில் ஆரம்பித்து முதல் 300, 400 அடிக்குள் 2 முதல் 3 பார் வரை ஏற்றுவார்கள். நொடிக்கு 8 முதல் 10 அடி வீதம் மொத்தம் 2000. நாலு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். வாரம் ஒன்றாக 3 முதல் 5 சிட்டிங். பத்துக்கு ஐந்து, ஆறு அளவில் வலிக்க வேண்டும். ‘இங்கேயா, கொஞ்சம் உள்ளேயா’ என்று கேட்டுக்கேட்டு முனையை நகர்த்த வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அடித்தால் இந்த வழிகாட்டல் போய்விடும், பலனும் குறையும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் 6 வாரமாவது தள்ளிப் போடுங்கள்.

சொதப்புவது எங்கே? முதலில் மெஷினிலேயே. அந்தக் குண்டும் அது ஓடும் குழாயும் தேய்மானப் பொருட்கள். பல மாடல்களில் சுமார் 10 லட்சம் அடிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். மாற்றாவிட்டாலும் திரையில் 2.5 பார் என்றே காட்டும். முனையில் அந்த விசை இருக்காது. காதைக் கொடுத்தால் தெரியும்: சீரான படபடப்புக்கு நடுவே அடி தவறும், சத்தம் ஏறி இறங்கும். மொத்த அடிகளை எண்ணும் கவுன்டர் மெஷினிலோ ஹேண்ட்பீஸிலோ இருக்கும், கேட்டால் காட்டட்டும்.

அடுத்தது நோயறிதல். நேற்று பிசகிய கணுக்காலுக்கு ஷாக்வேவ் வேலையே இல்லை. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் வைத்து அமுக்கும்போது சுள்ளென்று வலித்தால் எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் நரம்பு மாட்டியிருக்கலாம். இந்த இரண்டையும் பார்க்காமல் முனையைக் கையில் எடுப்பவரிடம் சிகிச்சை எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உடற்பயிற்சி இல்லாமல் மெஷினை மட்டும் நம்புவது. அக்கிலீஸின் நடுப்பகுதி வலிக்கு 2009-ல் வந்த ஓர் ஆய்வில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் பயிற்சியோடு ஷாக்வேவும் எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். குதிகாலுக்கு என்றால், சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்துப் படி ஓரத்தில் நின்று, 3 நொடி எழும்பி, 2 நொடி நிறுத்தி, 3 நொடி இறங்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். சிட்டிங் முடிந்த 48 மணி நேரம் ஓட்டமும் குதியும் வேண்டாம். வலி குறைந்த தெம்பில் மறுநாளே மேட்ச் ஆடுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

முட்டி ஜவ்வு அடிபட்டுத் தொடை சூம்பியவர்களுக்கு வேறு இரண்டு கருவிகள் உண்மையிலேயே உதவும். ஒன்று, தசையைத் தூண்டும் கரண்ட். தொடையில் பெரிய பேட் இரண்டு, முட்டி மடங்கிய நிலையில் காலைக் கட்டி, தசை கல்லாக இறுகும்வரை ஏற்றி 10 நொடி, ஓய்வு 50 நொடி, இப்படிப் பத்து முறை. சும்மா எறும்பு ஊர்கிற மாதிரி வைத்துவிட்டு அரை மணி நேரம் படுக்க வைத்தால் தொடை வளராது. மற்றது, தொடையின் மேல்பகுதியில் கட்டிக்கொண்டு எடைப் பயிற்சி செய்ய, ரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பட்டை. தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதம் போதும். 30, 15, 15, 15 முறை என்று நாலு சுற்று, நடுவே 30 நொடி. அழுத்தம், ஓட்டம் முழுதாக நிற்கும் அளவில் 40 முதல் 80 சதவீதம். அதை அளக்காமல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானவர்கள் தொடவே கூடாது.

ஒலி அலையால் சூடேற்றும் அல்ட்ராசவுண்ட் எல்லா கிளினிக்கிலும் இருக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது. ஆய்வு ஆதாரம் மெலிது. அதன் தலையைப்போல் இரண்டு மடங்கு பரப்பைத்தான் ஒழுங்காகச் சூடாக்கும். தொடை முழுக்க ஐந்து நிமிடம் தேய்ப்பது ஜெல் தடவுவதற்குச் சமம். தோல் வழியே மெல்லிய கரண்ட் விடும் ஐஎஃப்டியும் டென்ஸும் ஓடும் நேரத்தில் வலியை மறக்கடிக்கும், பயிற்சிக்கு முன்னால் அது பயன்தான். தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள் ஷாக்வேவ் பக்கம் போகக்கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளிலும், நுரையீரலுக்கு மேலேயும் அடிக்கக்கூடாது. ஆன்லைனில் துப்பாக்கி வடிவில் விற்கும் வீட்டு மெஷின்களில் ஒரு அடிக்கு எவ்வளவு சக்தி என்றே போட்டிருக்காவிட்டால் அது மசாஜ் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். மூன்றுக்குக் கட்டுங்கள், தேவைப்பட்டால் ஐந்துவரை போங்கள். கடைசி சிட்டிங் முடிந்து 12 வாரம் பயிற்சி செய்தும் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி அதே வலியோடுதான் விழுகிறது என்றால், அடுத்த தொகையை ஸ்கேனுக்கும் எலும்பு மருத்துவருக்கும் செலவிடுங்கள்.