கொழும்பு வெள்ளவத்தையில் நல்ல வல்லாரைச் சம்பல்

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள அந்தச் சைவச் சாப்பாட்டுக்கடைக்கு நான் போவதே கீரைக்காகத்தான். வல்லாரையை நூல்போல அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, பரிமாறும் நேரத்தில்தான் தேசிக்காய் பிழிகிறார்கள். அடுப்பில் வைப்பதே இல்லை. அதனால் வைட்டமின் சி அவ்வளவாக வீணாகாது. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அது உதவும். முருங்கையிலை வறையும் அருமை, சட்டென்று இறக்கிவிடுவதால் பச்சை நிறம் அப்படியே இருந்தது. பொன்னாங்காணியில்தான் உப்புக் கூடிவிட்டது, மண்ணும் நறநறத்தது. "இன்னும் இரண்டு தண்ணியில அலசுங்கோ அண்ணை" என்று சொன்னேன், சரியென்று தலையாட்டினார். பருப்பு பரவாயில்லை. ஒரு மணிக்கு முன்னமே போங்கள், பிறகு வல்லாரை முடிந்துவிடும்.