திரும்பி வராத வாடிக்கையாளர்

நேர்மையாக இருப்பவனுக்கு என்ன லாபம்? ஆங்கிலேயத் தத்துவஞானி ஹாப்ஸ் ஒரு பதில் சொன்னார், பழைய கிரேக்கத்தின் பிளேட்டோ வேறொன்று. இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை.

ஹாப்ஸ் 1651இல் வந்த 'லெவியதன்' நூலில் ஒரு முட்டாளைப் பேசவிடுகிறார். நீதி என்று ஒன்றும் கிடையாது, ஆதாயம் இருந்தால் வாக்கை மீறலாம் என்பது அவன் கட்சி. ஹாப்ஸின் மறுப்பு வியாபாரிக் கணக்கு: வாக்குத் தவறுகிறவன் என்று தெரிந்தால் உன்னை யார் சேர்ப்பார்கள்? அவர்கள் ஏமாந்தால்தான் உண்டு. அடுத்தவர் ஏமாளித்தனத்தை நம்பிப் பிழைக்க முடியுமா? தெருமுனை மளிகைக் கடைக்கு இது அப்படியே பொருந்தும். துவரம்பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் அடுத்த மாத லிஸ்ட் எதிர்க்கடைக்குப் போய்விடும். ஆனால் பஸ் நிற்கிற நெடுஞ்சாலை ஹோட்டல்? ஆறிப்போன தோசைக்கு என்ன விலையும் சொல்லலாம். டிரைவர் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் யார் சண்டை போடுவது?

பிளேட்டோ அந்த ஹோட்டலில் இருந்துதான் தொடங்குகிறார். உரையாடலாக எழுதிய 'குடியரசு' நூலில் கிளாக்கன் என்பவன் சாக்ரடீஸிடம் ஒரு மோதிரக் கதை சொல்கிறான். மோதிரக் கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடலாம். லிடியா நாட்டு இடையன் ஒருவன் அதை வைத்து அரசியை வளைத்து, அரசனைக் கொன்று, ஆட்சியைப் பிடிக்கிறான். கிளாக்கன் அதோடு விடவில்லை. நேர்மையானவனுக்கு அயோக்கியன் என்ற பெயரும் சவுக்கடியும், அயோக்கியனுக்கு உத்தமன் பட்டமும் கொடுத்துப் பாருங்கள், இப்போது யார் பாக்கியசாலி என்கிறான். ஹாப்ஸிடம் இதற்குச் சரக்கு இல்லை.

சாக்ரடீஸ் அவனுக்குப் பதிலை முடிக்க நூலின் ஒன்பதாம் பகுதி ஆகிறது. கொடுங்கோலனைவிட நல்ல அரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறானாம். 9×9×9 கணக்கு, அதை விடுங்கள். பக்கத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. 50 அடிமைகளை வைத்திருக்கும் பணக்காரனைக் குடும்பத்தோடும் அடிமைகளோடும் ஒரு தெய்வம் தூக்கிப்போய், ஆளரவமற்ற பொட்டலில் இறக்கிவிடுகிறது. கூப்பிட்டால் ஓடிவர ஊரார் இல்லை. அன்றிலிருந்து அவன் அடிமைகளிடம் பல்லைக் காட்டி, விடுதலை தருகிறேன் என்று கெஞ்சியே காலம் தள்ள வேண்டும். கொடுங்கோலனின் தினசரி வாழ்க்கையும் அதுதான். இது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு தோசையில் ஏமாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவன் கொடுங்கோலன் அல்லவே!

அவனுக்குச் சொல்ல வள்ளுவரிடம்தான் ஏதோ இருக்கிறது. 'நன்றே தரினும் நடுவிகந்தாம் ஆக்கத்தை அன்றே யொழிய விடல்.' நடுநிலை தவறி வரும் ஆக்கம் நன்மையே தந்தாலும் அன்றே விட்டுவிடு. அந்தத் 'தரினும்' லாபத்தை மறுக்கவில்லை. வரட்டுமே, அதற்கென்ன என்கிறது. கல்லாவில் இருப்பவர் கேட்பாரா என்பது வேறு விஷயம்.