நானோகுழாய்ப் படலத்துக்கு நைட்ரிக் அமிலமா, தங்கக் குளோரைடா?

ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய்களாலான, ஒளி ஊடுருவும் மின்கடத்திப் படலங்களுக்கு மாசூட்டுவதற்கு (மின்கடத்தலைக் கூட்ட வேற்றுப் பொருள் சேர்ப்பதற்கு) இவ்விரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின், நான் தங்கக் குளோரைடையே தேர்ந்தெடுத்தேன்.

இரண்டுமே குழாயிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பவை. எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் வரை நிரம்பியுள்ளன என்பதைக் குறிக்கும் ஃபெர்மி மட்டம், வழக்கமாக அவை நிறைந்திருக்கும் இணைதிறன் பட்டைக்குள் இறங்கிவிடுவதால், ஒளியை வாங்கி மேலெழ அங்கே எலக்ட்ரான் இருப்பதில்லை. எனவே, நிறமாலையில் அந்த ஒளி உட்கவரப்படுவதைக் காட்டும் முகடு மங்குகிறது. சுமார் 1.4 நானோமீட்டர் விட்டமுள்ள குறைக்கடத்திக் குழாய்களில் 1800 நானோமீட்டர் அருகிலுள்ள முகடு முதலில் தணியும். மாசு கூடக்கூட 1000 நானோமீட்டர் அருகிலுள்ளதும் குறையும். உலோகத் தன்மையுள்ள குழாய்கள் 700 நானோமீட்டர் அருகே காட்டும் முகடு அவ்வளவாக அசையாது. ஒளியை வாங்கிய குழாய் திரும்ப உமிழும் ஒளிர்வோ, உட்கவர்தல் மங்கத் தொடங்கும் முன்பே அணைந்துவிடும்.

விலையிலும் எளிமையிலும் அமிலமே முந்துகிறது. அதில் வாதத்துக்கு இடமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது நிலைப்புத்தன்மை. நைட்ரிக் அமில மாசு பெரும்பாலும் குழாயின் மேல் தளர்வாக ஒட்டியிருப்பது. சூடாக்கினாலோ வெற்றிடத்தில் வைத்தாலோ, திறந்த காற்றில் நாள்பட விட்டாலுங்கூட, அது நீங்கத் தொடங்க, 1800 நானோமீட்டர் முகடு மீண்டும் தலைதூக்கி மின்தடையும் ஏறும். தங்கக் குளோரைடில் தங்க அயனி எலக்ட்ரானை வாங்கி உலோகத் துகளாகக் குழாயின் மேலேயே படிகிறது. குளோரைடு அயனிகள் எஞ்சி, குழாயின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. வாங்கிய எலக்ட்ரானை அந்தத் துகள் எளிதில் திருப்பித் தருவதில்லை. படலத்திலிருந்து மாசு நீங்குகிறதா என்றறிய மின்தடைமானியைவிட அகச்சிவப்பு நிறமாலையைப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன்; மாசு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை முகட்டின் உயரமே நேராகக் காட்டிவிடும், தொடுமுனைகளின் கோளாறு அதில் கலப்பதில்லை.

குறையும் உண்டு. தங்கத் துகள்கள் பச்சை ஒளியை உட்கவர்ந்து சிதறடிப்பதால், கரைசல் செறிவு மிகுந்தால் படலத்தின் தெளிவு கெடுகிறது. ஈரப்பதமும் இதற்குப் பகையே. எனவே நீர்த்த கரைசலும் மேலுறையும் வேண்டும்.

ஒளிர்வே நோக்கமென்றால் இரண்டையும் விட்டுவிடலாம். ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2010-இல் காட்டியபடி, குழாய்ச் சுவரில் ஓரிரு ஆக்சிஜன் அணுக்களைப் பிணைத்தால் ஒளிர்வு அணையாமல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. அது வேறு வகை மாசூட்டல்.

நான் சோதித்தவை கண்ணாடி மீதான படலங்கள், அவையும் அறை வெப்பநிலையில் மட்டுமே. சூடேறும் கருவிகளுக்கு மாலிப்டினம் ஆக்சைடு மேலும் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். அதை நான் கையாண்டதில்லை.